மடித்து வைத்த படுக்கை

சில ஆண்டுகளுக்கு முன், பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், தென் லண்டனின் நோர்பரியில் இது நடந்தது. அங்கே தேவாலயம் ஒன்றுக்குச் சொந்தமான மண்டபத்தில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். மண்டபத்தை ஒட்டிய சிறிய அறையில், தஞ்சம் கோரி வந்திருக்கும் எங்கள் மக்களுக்காகத் தொலைபேசியில் ஆங்கிலம் பேசவும், வந்த கடிதங்களை வாசித்துச் சொல்லவும் நாங்கள் சிலர் தொண்டாற்றி வந்தோம். யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்று, சமூகக் கொள்கை குறித்து மேற்படிப்புப் படிக்க இங்கு வந்து, பின்னர் வேலைக்கும் அமர்ந்துவிட்டவள் நான். அரசின் உதவி யாருக்கு, எந்த நிபந்தனையில் கிடைக்க வேண்டும் என்று நீண்ட ஆய்வேடு ஒன்றும் எழுதியிருந்தேன். அந்த ஆய்வேட்டில் ஒரு கட்டிலைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை.

கதவைத் திறக்கப் போனபோது வாசற்படியில் ஒருவர் காத்து நின்றார். பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்பவர்கள் அணியும் வெளிர்நீலச் சட்டை, அதன்மேல் நனைந்த ஜாக்கெட், காலடியில் கட்டப்பட்ட இரண்டு கறுப்புக் குப்பைப் பைகள். எங்களிடம் அடிக்கடி வருபவர்தான். ஆனாலும் அந்த முகத்தை அடையாளம் காண எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

“தங்கச்சி, என்ர கட்டிலை வேற ஆருக்கோ குடுத்திட்டினம்,” என்றார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பதைத் தாண்டியவர். வன்னியில் கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்றுக்கு முகாமையாளராக இருந்தவர். தஞ்சம் கோரிய பிறகு அரசு அவரைத் தோன்டன் ஹீத் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் தங்க வைத்திருந்தது. ஹோட்டல் என்றதும் வசதியை எண்ண வேண்டாம். இரண்டு கட்டில், ஒரு அலுமாரி, நாற்காலி கிடையாது. மற்றக் கட்டிலில் வடமராட்சியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர். தஞ்சம் கோரியவர்கள் இந்நாட்டில் உடனே வேலை செய்ய முடியாது. தங்கள் தவறு ஏதுமின்றி ஓராண்டுக்கு மேல் முடிவுக்காகக் காத்திருந்தால் அனுமதி கேட்கலாம். அனுமதி கிடைத்தாலும், ஆள் தட்டுப்பாடு உள்ளதென்று அரசு பட்டியலிட்ட வேலைகளை மட்டுமே செய்யலாம். முதியோரைப் பராமரிப்பது அப்போது அந்தப் பட்டியலில் இருந்தது. அவர் விண்ணப்பித்தார், பயிற்சி எடுத்தார், ஓர் ஏஜென்சி மூலம் விம்பிள்டனில் உள்ள பராமரிப்பு இல்லம் ஒன்றில் இரவு ஷிப்ட் கிடைத்தது.

வேலை கிடைத்த வாரம் எங்களுக்கு மீன் றோல்ஸ் வாங்கி வந்தார். எங்கள் குழுவை நடத்தும் அன்ரி அவரைச் சும்மா விடவில்லை.

“வேலைக்கு றோல்ஸ் எண்டா, விசாவுக்குப் புரியாணியோ தம்பி?”

“விசா கிடைச்சா நானே சமைக்கிறன் அக்கா. திண்டுபோட்டு, விசாவைத் திருப்பிக் குடு எண்டு சொல்லுவியள்.”

சம்பளம் வரத் தொடங்கியதும் அரசுக்கு முறைப்படி அறிவித்தோம். கைச்செலவுக்கு அரசு கொடுத்ததை நிறுத்தினார்கள். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. கூரை மட்டும் தொடர்ந்தது. ஏஜென்சி இந்த வாரம் தரும் ஷிப்டை அடுத்த வாரம் தரும் என்ற உறுதி எதுவும் இல்லை. முடிவு வராத ஒருவருக்கு வீட்டுக்காரர் எவரும் அறை தரவும் துணிவதில்லை. எனவே இரவில் வேலை, பகலில் அந்தக் கட்டிலில் உறக்கம் என்று அவருடைய வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. ஹோட்டலின் பழைய பொறுப்பாளருக்கு இது தெரியும். பிரச்சினை இல்லை என்று வாயால் சொல்லியும் இருந்தார். பிறகு ஒப்பந்தம் கைமாறி வேறொரு நிறுவனம் வந்தது. பழைய பொறுப்பாளருடன் அந்த வாக்கும் போய்விட்டது.

அன்று காலை வேலை முடிந்து வந்தவரின் சாவி அட்டை கதவைத் திறக்கவில்லை. காவலாளி கறுப்புப் பைகளைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, “நீங்கள் போய்விட்டதாகப் பதிவாகியிருக்கிறது” என்று சொன்னாராம். பேருந்து நிறுத்தத்தில் நின்று யோசித்தவருக்கு எங்களைத் தவிர வேறிடம் நினைவுக்கு வரவில்லை.

அவருக்கு நிற்கவே இயலவில்லை. பிள்ளைகளின் பாய்கள் அடுக்கியிருந்த களஞ்சிய அறையில் அன்ரி ஒரு பாயை விரித்து, தன் சால்வையையும் கொடுத்துப் படுக்கச் சொன்னார். நான் தொலைபேசியை எடுத்து, தஞ்சம் கோரியவர்களுக்கான உதவி எண்ணை அழைத்தேன். அடுத்த அறையில் பிள்ளைகள் உயிரெழுத்துகளை உரத்துச் சொல்லிக்கொண்டிருக்க, என் காதில் காத்திருப்போருக்கான இசை ஓடிக்கொண்டிருந்தது. முதலில் எடுத்தவர் இது தம் பிரிவு இல்லை என்றார். அடுத்தவர் ஹோட்டலைக் கேட்கச் சொன்னார். கடைசியாக வந்தவர்தான் கோப்பைப் பார்த்து, அவர் தாமாகவே தங்குமிடத்தைக் கைவிட்டுச் சென்றுவிட்டதாக ஹோட்டல் அறிவித்திருக்கிறது என்றார்.

அந்த வாசகத்தின் பொருளை நான் அறிவேன். கட்டில் போனால் முகவரி போகும். முகவரி போனால், நேர்காணலுக்கு அழைக்கும் கடிதம் அனுப்பியவரிடமே திரும்பும். நேர்காணலுக்கு வராதவர் தம் கோரிக்கையை விலக்கிக்கொண்டவராகக் கருதப்படலாம். ஆண்டுக்கணக்கில் அவர் காத்திருந்தது எல்லாம், விம்பிள்டனில் யாரோ ஒரு முதியவரின் படுக்கையை அவர் மாற்றிக்கொண்டிருந்த வேளையில், இங்கே ஒரு சொடுக்கில் அழிந்துவிடக்கூடிய நிலை.

மதியம் அவரை எழுப்பினேன். எழுந்தவர் முதலில் செய்த காரியம் பாயைச் சுருட்டியதுதான். இறுக்கிச் சுருட்டி, கயிற்றால் கட்டி, சுவரோடு நிமிர்த்தி வைத்தார். சால்வையை மூலைக்கு மூலை பொருத்தி மடித்தார்.

“விடும் தம்பி, பின்னேரம் பிள்ளையள் உதிலைதான் இருக்கப் போகுதுகள்,” என்றார் அன்ரி.

“பழகிப் போச்சு அக்கா. விரிச்ச பாயை அப்பிடியே விட்டா மூதேவி வந்து படுப்பா எண்டு அம்மா பேசுவா.”

இருவரும் ஹோட்டலுக்குப் புறப்பட்டோம். அவர் சீருடையை மாற்றவில்லை. மாற்றும் உடுப்பு எந்தப் பையில் இருக்கிறது என்று தேடும் நிலையில் அவர் இல்லை. ஹோட்டல் வாசலில் சிலர் கொடிகளோடும் அட்டைகளோடும் நின்றார்கள். உழைக்காமல் எங்கள் வரிப்பணத்தில் வாழ்பவர்களை வெளியேற்று என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வழக்கம்போல் “எக்ஸ்கியூஸ் மீ” என்றார். அட்டை பிடித்திருந்த ஒரு பெண்மணி அவருடைய சட்டையைப் பார்த்தார், புன்னகைத்தார், மற்றவர்களையும் விலகச் சொல்லி வழிவிட்டார். அந்தச் சட்டைக்குக் காட்டிய மரியாதை உண்மையானது என்றே நம்புகிறேன். அதற்குள் இருந்தவரைத்தான் வெளியேற்றச் சொல்லி அவர்கள் அட்டை பிடித்திருந்தார்கள்.

புதிய பொறுப்பாளர் இளைஞர், மரியாதையானவர். அது என் கோபத்தைக் குறைக்கவில்லை. அவர் சொன்ன நடைமுறை இதுதான்: அந்த நிறுவனம் மாலைதோறும் ஒவ்வோர் அறைக் கதவையும் தட்டி, யார் இருக்கிறார் என்று பார்க்கும். ஆள் இல்லாத கட்டிலைப் படம் எடுக்கும். தொடர்ந்து சில நாட்கள் ஆளும் இல்லை, கட்டிலில் உறங்கிய தடயமும் இல்லை என்றால், அவர் போய்விட்டார் என்று முடிவு. தம் கையில் இருந்த திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். வெவ்வேறு மாலைகளில் எடுத்த படங்கள். எல்லாவற்றிலும் வெறும் மெத்தை. விரிப்பு இல்லை, தலையணை இல்லை, தொங்கும் ஒரு சட்டை இல்லை.

“இதில் யாராவது வாழ்வது போலத் தெரிகிறதா?” என்று என்னிடம் கேட்டார்.

நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே இவர் குனிந்து பார்த்துவிட்டு, தொலைந்த பொருள் கிடைத்தவர் போல நிமிர்ந்தார்.

“ஓம், உது என்ர கட்டில்தான் தங்கச்சி. நான்தான் எல்லாத்தையும் மடிச்சு அலுமாரிக்கை வைச்சனான். சொல்லுங்கோ அவருக்கு. வேலைக்குப் போக முதல் நான் ஒவ்வொரு நாளும் மடிச்சு வைக்கிறனான்.”

களஞ்சிய அறையின் பாய் என் கண்முன் வந்தது. பொறுப்பாளருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் வீடுகளில் எழுந்தவுடன் படுக்கையை எடுத்துவைப்பது வழக்கம் என்றேன். அறையில் நாற்காலி இல்லாததால் மற்றவர் இருந்து சாப்பிட இடம் விட்டுப் போகிறார் என்றேன். பொறுப்பாளர் என்னை நம்பாதவராகத் தோன்றவில்லை. ஆனால் அதை எங்கே பதிவு செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அறைத்தோழரிடமும் விசாரித்தோமே என்றார். அவரைக் கீழே வரவழைத்தார்.

வடமராட்சி இளைஞர் வந்தார். நிலைமையைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

“என்னை வந்து கேட்டவைதான் அண்ணை. உங்களைக் கண்டு கனநாள் எண்டு சொல்லிப்போட்டன்.”

“டேய், நேற்றுக் காலமையும் நீதானே எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தனீ?”

“வேலைக்குப் போயிட்டார் எண்டு சொன்னா உங்களைப் பிடிச்சுக் குடுத்திடுவினம் எண்டு பயந்திட்டன்.”

“எனக்குப் பெர்மிஷன் இருக்கெல்லே.”

“இருக்கு எண்டு எனக்குத் தெரியும். அவையளுக்குத் தெரியுமோ எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?”

இதை நான் எப்படி மொழிபெயர்ப்பது? அனுமதி இருந்தும் வேலை என்ற சொல்லையே மறைக்க வேண்டிய குற்றமாகக் கருதப் பழக்கப்பட்ட ஒருவர், தன் தோழரைக் காப்பதாக எண்ணிச் சொன்ன பொய் அது. ஒருவரின் ஒழுங்கும் மற்றவரின் விசுவாசமும் சேர்ந்து, அவர் அங்கே வாழவில்லை என்பதற்கு இரு சாட்சிகளாகிவிட்டன. அந்த நடைமுறையை வகுத்தவர்கள் இந்த இரண்டு குணங்களையும் கற்பனை செய்துகூடப் பார்க்கவில்லை.

சரி, கட்டிலில் இப்போது யார் இருக்கிறார் என்று கேட்டேன். இன்னும் ஒருவரும் இல்லை, வரும் வாரம் ஒருவர் வருகிறார் என்றார் பொறுப்பாளர். மாடியில் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அதில் உறங்க வேண்டியவர் கீழே நின்றுகொண்டிருந்தார். நடுவில் இருந்தது ஒரு பதிவு. அதைத் தம்மால் மாற்ற முடியாது, தலைமையகம்தான் மாற்ற வேண்டும் என்றார். பிறகு, நல்லெண்ணத்தோடுதான் என்று நினைக்கிறேன், சம்பாதிப்பவருக்கு இந்தக் கட்டில் எதற்கு என்று கேட்டார். வேலையை விட்டுவிட்டால் மாலையில் அறையில் இருக்கலாம், சிக்கலே இராது என்றும் சேர்த்துக்கொண்டார்.

வாசலில் நிற்பவர்கள் உழைக்கவில்லை என்று திட்டுகிறார்கள், உள்ளே இருப்பவர் உழைப்பை விடச் சொல்கிறார் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. கட்டிலை விட்டால் அடுத்த வாரம் ஷிப்ட் இல்லாதபோது தெருவில் நிற்பார். வேலையை விட்டால் நாளை ஒரு வேலைக்கான நேர்காணலில், இவ்வளவு காலம் என்ன செய்தாய் என்ற கேள்விக்கு நாற்காலி இல்லாத அறையைத்தான் காட்டுவார். இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் ஏற்பாட்டுக்கு உதவி என்று யார் பெயர் வைத்தது?

“தங்கச்சி, மெல்லக் கதையுங்கோ,” என்றார் அவர், என் கையைத் தொடாமல் அருகில் நின்று. “இந்தப் பெடியனும் சம்பளத்துக்குத்தான் நிக்கிறான்.”

நோர்பரிக்குத் திரும்பியதும் நான் உறுதியாக இருந்தேன். நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவது, பத்திரிகையாளர் ஒருவரை அழைப்பது, அந்தப் படங்களை உலகுக்குக் காட்டுவது. அன்ரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

“கோவப்படு பிள்ளை, நானும் கோவத்திலைதான் இருக்கிறன். ஆனா உன்ர கோவத்துக்கு வாடகை கட்டப் போறது இவர். வேற ஊருக்கு ஏத்திவிட்டினம் எண்டா வேலை ஆர் குடுக்கிறது? நீயோ?”

தங்குமிடத்தைத் தெரிவு செய்யும் உரிமை தஞ்சம் கோரியவர்களுக்குக் கிடையாது. குறுகிய அறிவிப்பில் எந்த நகரத்துக்கும் அனுப்பலாம். ஒரு கட்டுரையால் எனக்கு மனநிறைவு கிடைக்கும், அவருக்கு என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அவரையே கேட்டேன்.

“கேஸ் முடியட்டும் தங்கச்சி. பிறகு எழுதுங்கோ. பேர் மட்டும் போடாதேங்கோ.”

அதனால் சத்தமில்லாத வழியில் போனோம். வழக்கறிஞர் வழியாக முறைப்பாடு செய்தோம். பராமரிப்பு இல்லத்து மேலாளரும் தொலைபேசியில் அவர்களுடன் பேசினார். அந்த நாட்களில் அவர் பகலில் அன்ரி வீட்டு வரவேற்பறைச் செற்றியில் உறங்கினார், மாலையில் விம்பிள்டனுக்குப் போனார். ஒரு ஷிப்டையும் தவறவிடவில்லை. உறக்கமின்றிப் போக வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, அங்கே ஒரு முதியவர் தன் கையைப் பிடித்துக்கொள்ளாமல் கண் மூடமாட்டார் என்றார்.

அடுத்த வாரம் பதிவு திருத்தப்பட்டது. அதே அறை, அதே கட்டில். வருவதாக இருந்தவர் வேறெங்கோ அனுப்பப்பட்டிருந்தார். மன்னிப்பு என்ற சொல் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. சாவி அட்டையைக் கொடுக்கும்போது பொறுப்பாளர் என்னைச் சற்று ஒதுக்கி அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: மாலைப் பரிசோதனை தொடரும், படம் எடுப்பதும் தொடரும். இனிப் படுக்கையை மடிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கலைந்தபடி விடட்டும். ஒரு சட்டையை எங்காவது எறிந்து விட்டால் இன்னும் நல்லது.

பல ஆண்டுகள் நான் மொழிபெயர்த்த வாசகங்களில் இதைப் போல நாக்கில் ஒட்டிய வேறொன்று இல்லை. ஓர் அரசின் கொள்கை, ஒப்பந்தம், தலைமையகம், வழக்கறிஞர் என்று அத்தனையும் சுற்றி வந்து, வளர்ந்த ஒரு மனிதரிடம் கடைசியில் சொன்னது இதுதான்: நீங்கள் இங்கே வாழ்கிறீர்கள் என்று நாங்கள் நம்புவதற்காக, ஒழுங்கற்றவராக நடியுங்கள். அதைத் தமிழில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“இவ்வளவுதானே? முதலே சொல்லியிருக்கலாம்.”

“மடிச்சதிலைதான் மூதேவி வந்து படுத்திருக்கிறா அண்ணை,” என்றார் பைகளைத் தூக்க வந்திருந்த அறைத்தோழர்.

பின்னர் கேள்விப்பட்டேன், வேலைக்குப் புறப்படுமுன் விரிப்பைக் கசக்குவது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டதாம். “இண்டைக்குச் சுருக்கம் காணாது அண்ணை, இன்னொருக்கா உருளுங்கோ” என்று இளைஞர் மேற்பார்வை செய்வாராம். அவர்கள் சிரித்தார்கள். என்னால் இன்றுவரை சிரிக்க முடியவில்லை.

ஓராண்டுக்குப் பின் அவருடைய கோரிக்கை ஏற்கப்பட்டது. ஹோட்டலை விட்டு, வால்தம்ஸ்டோவில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, அங்கேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் நிரந்தர வேலையும் தேடிக்கொண்டார். சொன்னபடி எங்களைப் புரியாணிக்கு அழைத்தார். அன்ரி ஒரு வாய் எடுத்து மென்று, “தம்பி, அந்த விசாவை ஒருக்கா எடும் பாப்பம்,” என்றார். அறையே சிரித்தது.

அறை மிகத் துப்புரவாக இருந்தது. காலணிகள் சோடி சோடியாக வரிசையில். சாப்பிட்ட தட்டுகள் நாங்கள் எழும்புமுன்பே கழுவப்பட்டுவிட்டன. சுவரோரம் இரண்டு நாற்காலிகள். ஆனால் கட்டில் மட்டும் கலைந்து கிடந்தது. போர்வை பாதி தரையில், தலையணை குறுக்காக, மேலே ஒரு சட்டை.

நான் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார்.

“மடிக்கத்தான் கை போகுது தங்கச்சி. மடிச்சுப்போட்டு வேலைக்குப் போனா, அங்கை நிண்டு மனம் பதறுது. திரும்பி வரேக்கை பையள் வெளியிலை கிடக்குமோ எண்டு. மூதேவி வந்து படுத்தாலும் பரவாயில்லை, அந்தப் படம் எடுக்கிறவை வராமல் இருந்தாக் காணும்.”

“இனி எழுது பிள்ளை,” என்றார் அன்ரி. அவரும் தலையசைத்தார்.

ஒவ்வொரு காலையும் என் போர்வையை மடிக்கையில் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது: ஒரு கட்டிலைத் திருப்பிக் கொடுத்தவர்கள், அதை மடித்து வைக்கும் துணிவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதை எந்தப் பதிவிலும் எழுதவில்லை, அதைத் திருத்தித் தரச் சொல்லி நான் எந்த எண்ணை அழைப்பது?